ஆனந்த குமாரசுவாமி இலண்டனுக்கு அனுப்பிய கரிய கல்

மட்டக்களப்பு வாவியில் இரவில் இறால் பிடிக்கப் போன தோணிகளில் பெற்றோல்மக்ஸ் எரிந்த காலம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். போர்க்காலத்தில் மின்சாரம் எட்டிப்பாராத படுவான்கரைக் கிராமங்களில் கோயில் சடங்கு என்றாலும் செத்தவீடு என்றாலும் முதலில் தேடியது அந்த விளக்கைத்தான். புது மென்டிலைக் கட்டி, அதை ஒருமுறை எரித்துச் சாம்பல் வலையாக்கிய பிறகே காற்றடிப்பார்கள். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அந்தச் சாம்பல், பழைய மென்டில்களில் ஏறக்குறைய முழுவதும் தோரியம் ஒட்சைட்டு. நூற்றுக்கு ஒரு பங்குதான் சீரியம் ஒட்சைட்டு. சூடேறினால் வெள்ளை வெளிச்சம் கொடுக்கும் அதன் குணத்துக்காகத்தான் சேர்த்தார்கள். அணுசக்திக்கும் அந்த வெளிச்சத்துக்கும் தொடர்பில்லை. எரிந்தது மண்ணெண்ணெய் மட்டுமே.

ஆனால் தோரியத்துக்கும் அணுப்பிளவின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இலங்கைக் கல் ஒன்று கிடக்கிறது. அதை இலண்டனுக்கு அனுப்பியவர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் நடனத்துக்கு உலகம் அறிய விளக்கம் எழுதிய அதே குமாரசுவாமிதான். கொழும்பில் அவர் பெயரில் வீதி இருக்கிறது. அதில் போகிறவர்களுக்கு அவர் கலை அறிஞர். முப்பது வயதை நெருங்கும் வரை அவர் பாறைகளைத் தட்டிப் பார்த்துத் திரிந்த புவியியலாளர் என்பது அநேகருக்குத் தெரியாது.

அவர் 1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத்து வழிவந்த கொழும்புத் தமிழ்க் குடும்பத்தவர், சட்டத்தரணி, சட்டசபை உறுப்பினர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாய் எலிசபெத் பீபி இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயதாகுமுன்பே, 1879இல், தாய் அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிச் சென்றார். பின்னால் வரவிருந்த தந்தை கப்பலேறவே இல்லை. புறப்பட இருந்த நாளிலேயே இறந்துபோனார். இப்படி ஒரு தமிழ்க் குழந்தை தமிழ் கேட்காத வீட்டில் வளர்ந்தது. குளொஸ்ரசயரில் வைக்கிளிஃப் கல்லூரி, பிறகு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. 1900இல் புவியியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம்.

ஊருக்குத் திரும்ப அவருக்குக் கிடைத்த வழி கல்தான். 1903இல் இலங்கையின் கனிய ஆய்வுப் பணிக்குப் பணிப்பாளராக வந்து சேர்ந்தார். பிரித்தானிய அரசுக்கு இந்தத் தீவில் என்னென்ன தோண்டி எடுக்கலாம் என்ற கணக்குத் தேவைப்பட்டது; அதற்கான பதவி அது. மனைவி எதெல் உடன்வர, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மலையகத்தையும் சபரகமுவவையும் சுற்றினார். அதற்கு முன்னரே பிறையர் என்ற கனியவியலாளருடன் சேர்ந்து கண்டிப் பக்கத்துப் பாறையொன்றில் புதிய கனியம் ஒன்றை இனங்கண்டு, தீவின் பழைய அராபியப் பெயரால் செரண்டிபைற்று என்று பெயர் சூட்டியிருந்தார். இந்த ஆய்வுகளுக்காகவே இலண்டன் பல்கலைக்கழகம் பின்னர் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

பலாங்கொடைப் பக்கத்தில் இரத்தினக்கல் தோண்டுபவர்கள், கல் படிந்த சரளை மண்ணைக் கூடையில் இட்டு நீரில் அலசுவார்கள். இலேசானது நீரோடு போக, கனத்தது கூடையின் அடியில் தங்கும். நீலமும் வைரோடியும் தேடிய கண்களுக்கு, கூடவே தங்கிய சின்னஞ்சிறு கரிய சதுரப் படிகங்கள் வேண்டாத பொருள். நீரோட்டத்தில் உருண்டு முனை மழுங்கியவை. ஆனால் கையில் எடுத்தால் ஈயத்துண்டு போலக் கனக்கும். நீரைவிட ஒன்பது மடங்குக்கு மேல் அடர்த்தி. 1904இல் குமாரசுவாமி இதை யுரேனியக் கனியமாகிய யுரேனினைற்று என்று கருதி இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே வின்டம் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது, யுரேனியமும் இருந்தது, ஆனால் பெரும்பகுதி தோரியம். புதிய கனியம் என்று முடிவாகி, தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. மென்டில் தொழிலுக்குத் தோரியம் தேடி அலைந்த காலமாகையால் கல்லுக்கு உடனே நல்ல விலை வந்தது. விலையோடு சேர்ந்து விஞ்ஞானிகளும் வந்தார்கள்.

குமாரசுவாமி படித்த அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அப்போது வில்லியம் ராம்சே இரசாயனப் பேராசிரியர். 1904ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். அவரிடம் ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் வந்து சேர்ந்தார். கம்பனி வேலைக்குப் போக ஆங்கிலம் தேவை, அதைப் பழகவே வந்தவர். ராம்சே அவர் கையில் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, அதில் மறைந்திருக்கும் இரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். இரேடியமும் பேரியமும் இரசாயனக் குணத்தில் அண்ணன் தம்பி போன்றவை. உப்பைக் கரைத்துப் படிகமாக்கி, மறுபடி கரைத்து மறுபடி படிகமாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடியும். பொறுமையான சமையல் வேலை. அந்த வேலையில் ஹான் இரேடியத்தை மட்டுமல்ல, அதுவரை அறியப்படாத இன்னொரு கதிர்ப்பொருளையும் கண்டார். ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். அது தோரியத்தின் ஒரு சமதானி என்பது பின்னால்தான் தெரிந்தது. ராம்சே அவரைக் கம்பனி வேலையை மறந்துவிடச் சொன்னார். ஹான் முதலில் மொன்றியலில் இரதபோர்ட்டிடமும், பிறகு பேர்லினுக்கும் போனார். பலாங்கொடைக் கூடையின் அடியில் தங்கிய கல் ஒருவரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிட்டது.

இங்கே கதிர்த்தொழிற்பாடு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அணுவை மட்டக்களப்பு வெபர் மைதானம் அளவுக்குப் பெருப்பித்தால், நடுவிலுள்ள கரு ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். மீதியெல்லாம் இலத்திரன்கள் உலவும் வெளி. விறகு எரிவதும் மண்ணெண்ணெய் எரிவதும் இந்த வெளியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல், கரு அசைவதேயில்லை. தோரியம், யுரேனியம் போன்ற பெரிய கருக்களில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் இருநூறுக்கு மேல் நெருக்கியடித்து இருக்கின்றன. ஒரே ஏற்றமுள்ள புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ள, கருவிசை இழுத்துப் பிடிக்கிறது. பிடி சற்றே தளரும் கருக்கள் எப்போதாவது ஒரு சிறு துண்டை வெளியே எறிகின்றன. அந்தத் துண்டு ஈலியத்தின் கரு. தோரியத்தில் பாதி இப்படி அழிய 1400 கோடி ஆண்டுகள் செல்லும். எறியப்பட்ட ஈலியம் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். ஸ்ட்ரட் என்ற பிரித்தானிய விஞ்ஞானி, தோரியனைற்றுக்குள் சேர்ந்திருந்த ஈலியத்தை அளந்து, அந்தக் கல்லுக்கு 25 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத வயது உண்டு என்று 1910இல் கணித்தார். பூமியின் வயது சில கோடி ஆண்டுகள்தான் என்று பெரிய விஞ்ஞானிகளே வாதிட்டுவந்த காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்தபோது கல்லை அனுப்பியவர் எங்கே இருந்தார்? கல்லிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தார். கனியம் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவருடைய கண்ணில் வேறொன்று பட்டது. கண்டி நாட்டுக் கொல்லர்களும் தச்சர்களும் சித்திரக்காரரும் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மலிவான பொருட்கள் அவர்களுடைய கைகளை வேலையில்லாமல் ஆக்கின. பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்கும் பழைய முறை தெரிந்தவர்கள் சிலரே எஞ்சியிருந்தார்கள். அவர்கள் உருக்கும் விதத்தை அவர் எழுதிவைத்தார், எதெல் படம் பிடித்தார். மண்ணுக்கடியில் இருப்பதைக் கணக்கெடுக்க வந்த அரச அலுவலர், மண்ணுக்கு மேலே அழிந்துகொண்டிருப்பதைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பணிப்பாளர் வேலையை 1906 இறுதியில் விட்டுப் போனார். 1908இல் வந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலுக்கு அடித்தளம் அந்த மூன்று நான்கு வருட நடைதான். அதைத் தன் வீட்டருகே, வில்லியம் மொறிஸ் பாவித்த பழைய கையச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் மட்டுமே அச்சிட்டார்.

ஒரு தமிழரின் மகன் சிங்களக் கைவினைஞர்களுக்காக இத்தனை பாடுபட்டது இன்று படிப்பவர்களுக்கு விநோதமாகத் தெரியலாம். அவருக்கு அது விநோதமாக இருக்கவில்லை. இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியபோதும், இத்தீவுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அருணாசலத்துடன் குரல் கொடுத்தபோதும், சிங்களமும் தமிழும் படிக்காத இலங்கையரைப் பற்றியே கவலைப்பட்டார். பின்னாளில் இத்தீவில் மொழி எதற்கெல்லாம் ஆயுதமாகப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கிற இடத்தில் அந்தத் தலைமுறை இருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் உலகப் போரில், இந்தியா அடிமைப்பட்டிருக்கப் பிரித்தானியப் படையில் சேர மாட்டேன் என்று நின்றார். 1917இல் அமெரிக்கா போய், பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இந்தியப் பிரிவைப் பொறுப்பேற்றார். சாகும்வரை வேலை அங்கேதான்.

பேர்லினில் ஹான் தன் சமையலை விடவில்லை. 1907 முதல் அவரோடு சேர்ந்து முப்பது ஆண்டுகள் உழைத்தவர் லீஸ் மைற்னர் என்ற வியன்னாப் பெண் பௌதிகவியலாளர். யூத வழியினர். நாஸிகள் ஒஸ்ரியாவை விழுங்கியதும் அவருடைய கடவுச்சீட்டு செல்லாக்காசானது. 1938 ஜூலையில், அறுபது வயதை எட்டும் நேரத்தில், சிறு பெட்டியொன்றோடு எல்லை கடந்து சுவீடன் போய்ச் சேர்ந்தார். ஆய்வுகூடம், வீடு, ஓய்வூதியம் எல்லாம் பின்னால் போயின. இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த டிசம்பரில் பேர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தின் மீது நியூத்திரன்களைப் பாய்ச்சி, என்ன உண்டாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்டான பொருள் பேரியத்தோடு சேர்ந்து போயிற்று. அது இரேடியமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பேரியத்திலிருந்து பிரிக்க முயன்றார்கள். 1905இல் இலங்கைக் கல்லின் உப்பில் ஹான் பழகிய அதே வேலை. இம்முறை எத்தனை தடவை படிகமாக்கியும் பிரியவில்லை. முறையில் பிழையோ என்று சோதிக்க, தோரியத்திலிருந்து கிடைக்கும் உண்மையான இரேடியத்தைக் கலந்து பார்த்தார்கள்; அது ஒழுங்காகப் பிரிந்தது. அப்படியானால் பிரியாதது பேரியமேதான். யுரேனியத்தின் பாதியளவே எடையுள்ள பேரியம் அங்கே எப்படி வந்தது? ஹான் மைற்னருக்குக் கடிதம் எழுதினார். நத்தார் காலத்தில் சுவீடனின் குங்கெல்வ் ஊரில், தன்னைப் பார்க்க வந்த மருமகன் ஒட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்தபடியே மைற்னர் விடையைக் கண்டார்.

சேம்பிலையில் உருளும் ஒரு பெரிய நீர்த்துளியை நினைத்துக்கொள்ளுங்கள். இலேசாகத் தட்டினால் நீளும், இடுப்பு ஒடுங்கும், இரண்டு துளியாகும். யுரேனியக் கருவும் அப்படியே. புரோத்தன்களின் தள்ளுவிசையால் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருக்கும் அந்தக் கருவுக்குள் ஏற்றமில்லாத நியூத்திரன் ஒன்று தடையின்றி நுழைகிறது. கரு நடுங்கி நீண்டு, பேரியம், கிரிப்தன் போன்ற இரண்டு சிறு கருக்களாகப் பிளந்து, அவை பெரும் வேகத்தில் எதிரெதிரே பாய்கின்றன. பிளந்த துண்டுகளை நிறுத்தால், முழுக்கருவின் திணிவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. குறைந்த திணிவு ஐன்ஸ்ரீனின் சமன்பாட்டின்படி சக்தியாக மாறியிருக்கிறது. ஓர் அணுவுக்கு அது 20 கோடி இலத்திரன்வோல்ற்று என்று மைற்னர் கணக்கிட்டார். ஒரு காபன் அணு எரியும்போது கிடைப்பது நான்கு இலத்திரன்வோல்ற்று அளவுதான். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுதும் பிளந்தால், சுமார் 3000 தொன் நிலக்கரியின் வெப்பம் வரும்.

இதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று நியூத்திரன்கள் புதிதாக வெளிவருவது. அவை பக்கத்துக் கருக்களைப் பிளக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எண்பது படி தாண்டுவதற்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போதும். இதைத் தடுக்காமல் விட்டால் குண்டு. நியூத்திரன்களை விழுங்கும் போரன், கட்மியம் கோல்களை இடையில் இறக்கி, ஒரு பிளவுக்கு ஒரு பிளவு என்று கட்டுப்படுத்தினால் உலை. உலையில் வரும் வெப்பம் கடைசியில் செய்வது தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியால் சுழலியைச் சுற்றும் பழைய வேலையைத்தான். இயற்கை யுரேனியத்தில் 235 என்ற வகை நூற்றுக்கு 0.7 பங்குதான் என்பதால் இரண்டுமே சுலபமல்ல.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. சக்தியாக மாறிய திணிவு ஒரு கிராம்கூட இல்லை. அந்த வருட முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 140,000 பேர் என்பது கணிப்பு. குண்டுத் திட்டத்தில் சேர வந்த அழைப்பை மைற்னர் மறுத்திருந்தார். 1944ஆம் ஆண்டின் இரசாயன நோபல் ஹானுக்கு மட்டும் போனது. குமாரசுவாமி அப்போது குண்டைச் செய்த நாட்டிலேயே, பொஸ்டனுக்கருகே நீடம் என்ற ஊரில், 68ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்க, புத்தகங்களோடும் தோட்டத்தோடும் வாழ்ந்துகொண்டிருந்தார். இயந்திர நாகரிகம் மனிதனின் கையையும் மனத்தையும் தின்றுவிடும் என்று நாற்பது வருடமாக எழுதிவந்தவர் அவர்.

தோரியத்தின் கதை அதோடு முடியவில்லை. தோரியம் தானாகப் பிளந்து சங்கிலியாக ஓடாது. உலையில் வைத்து ஒரு நியூத்திரனை ஊட்டினால் இரண்டு படிகளில் யுரேனியம்-233 ஆக மாறும், அதுதான் பிளக்கக்கூடியது. கடலுக்கு அப்பால் கல்பாக்கத்தில் யுரேனியம்-233இல் ஓடும் சிறிய ஆய்வு உலை 1996 முதல் இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொண்ட மொனசைற்று எடுக்கிறார்கள். எங்கள் கரையில் புல்மோட்டைக் கனிய மணல் பல பத்தாண்டுகளாகக் கப்பலேறுகிறது. அண்மைய ஆண்டுகளில் வாகரை, கதிரவெளிப் பக்கம் இல்மனைற்று அகழும் முயற்சிக்கு மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2006 நவம்பரில் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த அகதிகள் எறிகணையில் கொல்லப்பட்ட கதிரவெளி அது; ஊரே பெயர்ந்து திரும்பிவந்த கரை.

அந்த மணலில் அணுகுண்டு மருந்து இருக்கிறது என்று ஊருக்குள் கதைகள் உலவுகின்றன. அது சரியல்ல. இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு; வெள்ளைப் பூச்சுக்குப் போவது. கரிய மணலில் மொனசைற்று கலந்திருந்தாலும் அது சிறு பங்குதான், அதிலுள்ள தோரியம் தானாக வெடிக்காது. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் மெல்லிய மணல் மேட்டைக் கிளறினால் கிணற்று நீர் உவராகுமா, அடுத்த கடல்கோள் வந்தால் எதில் மோதும், பிரித்தெடுத்த பிறகு மொனசைற்று செறிந்து எஞ்சும் கழிவு எங்கே போகும், கணக்கை யார் பார்ப்பார். இவற்றைக் கேட்பவர்களை அணு என்ற பயத்தைக் காட்டி மூடர்களாக்குவது அகழ்பவர்களுக்குத்தான் வசதி.

1947, குமாரசுவாமிக்கு எழுபது நிறைந்த ஆண்டு. இந்தியா திரும்பி இமயமலைப் பக்கத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க எண்ணியிருந்தார். அந்த ஜூலை 19இல், விஞ்ஞானப் பட்டதாரியாகத் தொடங்கித் தமிழில் விஞ்ஞானம் சொல்லச் சொல் தேடியவரும், 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான காரைதீவு விபுலாநந்த அடிகள் கொழும்பில் மறைந்து, கல்லடியில் அடக்கம் செய்யப்பட்டார். செப்டெம்பர் 9இல் குமாரசுவாமி நீடத்தில் தன் வீட்டில் இறந்தார். ஹான் இன்னும் இருபத்தொரு வருடம் வாழ்ந்து, 1968 ஜூலையில் இறந்தார். மைற்னர் அதே ஆண்டு ஒக்டோபரில். தோரியனைற்று முதலில் கண்டெடுக்கப்பட்ட இடமாகக் கனியவியல் நூல்கள் குறிப்பது பலாங்கொடைப் பகுதியைத்தான்.